முப்பத்து மூன்றில் சுற்றிய இசைத்தட்டு

எனக்கு வாய் சும்மா இருக்காது. எதிரில் இருப்பவர் ஒன்றைத் தப்பாகச் சொல்லிவிட்டால், அதைத் திருத்தும்வரை எனக்குச் சோறு இறங்காது. கிள்ளான் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு செம்பனை எண்ணெய்க் கிடங்கில் இருபத்தாறு வருடம் லோரிகளை எடை போட்டவன் நான். உள்ளே வரும்போது ஒரு எடை, எண்ணெயை இறக்கிவிட்டுப் போகும்போது ஒரு எடை. பத்துக் கிலோ பிசகினாலும் விடமாட்டேன், இறங்கி வா என்பேன். டிரைவர்கள் எனக்கு வைத்திருந்த பட்டப்பெயரை இங்கே எழுத முடியாது.

அந்த டிரைவர்களில் ஒருவன்தான் என் நண்பன். என் வயதுக்காரன். ஜொகூர் பக்கத்து ஆலைகளிலிருந்து எண்ணெய் ஏற்றிக்கொண்டு வருவான். எடைமேடையில் ஏறியதும் இன்ஜினை அணைக்க வேண்டும். ஒரு நாள் அவன் அணைத்த பிறகும் லோரிக்குள்ளே ஏதோ ஓடிக்கொண்டே இருந்தது. கவனித்துக் கேட்டால் டிரம்ஸ். ஒரே தாளம். ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. அதற்கு மேலே ஒரு கிட்டார் வழி தெரியாமல் அலைந்துகொண்டிருந்தது.

"என்னா இது, டேப் சிக்கிக்கிச்சா?" என்று கேட்டேன்.

"சிக்கல லா. இது இப்படித்தான். இன்னும் பதினோரு நிமிஷம் இருக்கு, ஏறி உக்காந்து கேளு."

பின்னால் நின்ற லோரிக்காரன் ஹார்னை அமுக்கிக்கொண்டே இருந்தான். நான் கதவுப் படியில் ஒரு காலை வைத்தபடி நாலு நிமிடம் கேட்டேன். எதுவுமே நடக்கவில்லை. ஆனால் இறங்க மனசு வரவில்லை. இப்படித்தான் எங்கள் பழக்கம் ஆரம்பித்தது.

இந்த வகை இசையைப் பற்றி எழுதுகிறவர்கள் விண்வெளி, போதை, பிரபஞ்சம் என்று பெரிய பெரிய வார்த்தையாக அடுக்குவார்கள். எனக்கு எரிச்சல்தான் வரும். நடந்தது ரொம்பச் சாதாரணம். எழுபதுகளை ஒட்டி ஜெர்மனியில் முடி வளர்த்த சில இளைஞர்கள், அப்பன்மார் பாடிய பாட்டும் வேண்டாம், அமெரிக்காக்காரன் பாட்டும் வேண்டாம் என்று ஏதாவது ஒரு பழைய கட்டடத்தில் கூடினார்கள். முன்கூட்டி எதையும் பேசி வைக்காமல் வாசித்தார்கள். டேப்பை ஓடவிட்டார்கள். பிறகு மற்ற நாட்டுக்காரர்களும் பிடித்துக்கொண்டார்கள், இன்றும் வாசிக்கிறார்கள். என் நண்பன் இதை இன்னும் சுருக்கமாகச் சொல்வான்: "ஹைவேயில மொத மணி நேரம் நீ லோரி ஓட்டுறே. ரெண்டாவது மணி நேரம் லோரி ஒன்ன ஓட்டுது. மூணாவது மணி நேரம் யாரு ஓட்டுறான்னே தெரியாது. இது அந்த மூணாவது மணி நேரம்."

அவன் வீடு பிரிக்பீல்ட்ஸில், ஒரு துணிக்கடைக்கு மேலே இரண்டாவது மாடியில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணிக்கு அங்கே கூடுவோம். நான், அவன், ஸ்ரீ கெம்பாங்கானில் பழைய இசைத்தட்டு விற்கும் ஒரு சீனர், சுபாங் ஜெயாவில் ஒரு காலேஜில் பாடம் நடத்தும் நம்மாள் ஒருவர். மொத்தம் நாலு பேர்தான். அவன் போட்டிருந்த விதிகள் கோயில் விதிகளைவிடக் கடுமை. ஒரு பக்கம் முழுக்க ஓடி முடியும்வரை பேசக் கூடாது. போனைப் பார்க்கக் கூடாது. முக்கியமாக, ஊசியைப் பாதியில் தூக்கக் கூடாது. பிடிக்காவிட்டாலும் உட்கார்ந்து தீர வேண்டும். "அவனுங்க வாசிக்கிறப்ப பாதியில எந்திரிச்சுப் போவல, நீ மட்டும் எதுக்குப் போறே?" என்பான். முடிந்ததும் கீழே தமிழ் முஸ்லிம் நடத்தும் மாமாக் கடையில் தே தாரேக், நுரைக்க ஆற்றிய டீ. அங்கே போன பிறகுதான் வாயைத் திறக்கலாம். எனக்கு அந்த நாற்பது நிமிடம் எப்படிப் போயிருக்கும் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

இசைத்தட்டுகளின் உண்மையான பெயரை அவன் சொல்ல மாட்டான். ஜெர்மன் பெயர் வாயில் நுழையாது என்பது ஒரு காரணம். அட்டையைப் பார்த்து அவனே பெயர் வைப்பான். அதே பெயர்களையே நானும் சொல்கிறேன். வேண்டுமென்றால் நீங்களே தேடிக் கண்டுபிடித்துக்கொள்ளுங்கள், அதுவும் ஒரு சுகம்தான்.

'ஆரஞ்சு' என்று ஒன்று. முதல் ஆறு நிமிடம் யாருக்கும் எதுவும் பிடிபடாது. ஆர்கன் ஒரு பக்கம், கிட்டார் ஒரு பக்கம், கல்யாண வீட்டில் சாவி தேடுகிறவர்கள் மாதிரி தடவிக்கொண்டிருப்பார்கள். பிறகு டிரம்ஸ்காரன் சும்மா ஒரு தட்டு தட்டுவான், எல்லாரும் அவன் பின்னால் போய்விடுவார்கள். அந்த இடத்துக்காக அந்த ஆறு நிமிடத்தைப் பொறுத்துக்கொள்ளலாம். 'பல்லி' என்பது மழை பெய்யும்போது பதிவானது, தகரக் கூரையில் மழை விழுவது பின்னால் கேட்கும். அதை யாரும் அழிக்கவில்லை, அதோடு சேர்ந்தே வாசித்திருக்கிறார்கள். எங்கள் ஊர் மழையில் அதைப் போட்டால் எது உள்ளே, எது வெளியே என்று தெரியாது. 'கிணறு' இரண்டு தட்டு. எதிரொலியைத் தவிர வேறொன்றும் இல்லை. எனக்குப் பிடிக்காது. மூன்று தடவை உட்கார வைத்துச் சித்திரவதை செய்தான்.

இவை எல்லாவற்றையும்விட அவனுக்கு உயிர் 'வெள்ளை'. வார இறுதிச் சந்தை ஒன்றில் கிடைத்தது. வெறும் வெள்ளை அட்டை. மேலே ஒரு எழுத்து இல்லை. நடுவில் ஒட்டியிருக்கும் லேபிளும் வெள்ளை. யார், எந்த ஊர், எந்த வருடம், ஒன்றும் தெரியாது. பெரிய தட்டு என்றால் நிமிடத்துக்கு முப்பத்து மூன்று சுற்று என்பது எங்கள் எல்லாருக்கும் பழகிப்போன விஷயம், அதனால் அப்படியே போட்டோம். தாளம் கனமாக, மெதுவாக, எதையோ தூக்கிக்கொண்டு நடக்கிற கால்கள் மாதிரி வந்தது. இரண்டாம் பக்கம் இருபத்து மூன்று நிமிடம். முடிவதற்குச் சற்று முன் வாத்தியங்கள் ஒவ்வொன்றாக நின்றுபோகும். அப்போது ஒரு ஆண் குரல் கேட்கும். வார்த்தை எதுவும் இல்லை. நெஞ்சிலிருந்து விட்டுவிட்டு வரும் அழுகை. கொஞ்ச நேரத்தில் இன்னொரு குரலும் சேர்ந்துகொள்ளும். முதல் தடவை கேட்ட அன்று ஊசியைத் தூக்கக்கூட யாரும் எழவில்லை. அன்றைக்கு மாமாக் கடையிலும் பேசவில்லை.

அவன் மனைவிக்கு எங்கள் இசை சுத்தமாகப் பிடிக்காது. "ஃபேக்டரி சத்தத்த வீட்டுல வெச்சிருக்கீங்க" என்பார். ஆனால் அவருக்கு நோய் முற்றி, ஊசியும் மாத்திரையும் வலியை அடக்காத மாதங்களில், வெள்ளையை மட்டும் போடச் சொல்லுவார். "இது பரவால்ல, கூடவே வருது" என்பாராம். அதைக் கேட்டுக்கொண்டேதான் பல மதியங்கள் தூங்கினார். ஒரு புதன்கிழமை போய்ச் சேர்ந்தார்.

நம் வீடுகளில் சாவு விழுந்தால் பதினாறாம் நாள் காரியம் முடியும்வரை பாட்டுப் போடக் கூடாது. டிவிகூட மூடியிருக்கும். இவன் மூன்றாம் நாளே வெள்ளையை எடுத்துப் போட்டான். சொந்தக்காரர்கள் ஆடிப்போனார்கள். அவன் மனைவியின் அக்கா என் காதுபடவே கேட்டார்: "சாவு வீட்டுல பாட்டுப் போடுறாரே, என்னா மனுஷன் இவரு?"

அவன் கோபப்படவில்லை. "பாட்டு இல்லக்கா. வந்து உக்காந்து கேளுங்க" என்று நாற்காலியை இழுத்துப் போட்டான். அந்த அம்மா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்தார். கடைசியில் அந்தக் குரல்கள் வந்தபோது சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டார். "உள்ள யாரோ அழுவுறாங்க" என்றார். அதற்குப் பிறகு யாரும் ஒன்றும் சொல்லவில்லை. பதினாறு நாளும் அந்த வீட்டில் அது ஓடியது. கொள்ளி வைத்த இடத்தில்கூட அழாதவன் அந்தக் குரல்களோடு சேர்ந்து அழுவதை நான் பார்த்தேன். துக்கம் விசாரிக்க வந்தவர்களும் அதைக் கேட்டு அழுதார்கள். நானும்தான்.

இனி சொல்லப்போவது எனக்கு வெட்கமான விஷயம்.

அவன் மனைவி இறந்து ஒரு வருடத்துக்குப் பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை வெள்ளையைக் கேட்டுக்கொண்டிருந்தபோது, சிம்பலின் சத்தம் எனக்கு இடித்தது. குப்பைத் தொட்டி மூடியைப் போட்ட மாதிரி மொத்தையாக இருந்தது. எடைமேடையில் முள் லேசாக ஒரு பக்கம் சாய்ந்தால் எனக்கு உடம்பெல்லாம் அரிக்கும், அதே அரிப்பு. பக்கம் முடிந்து மற்ற இருவரும் கீழே இறங்கி, அவன் தண்ணீர் கொண்டுவரப் போன நேரத்தில் தட்டைக் கையில் எடுத்து, போன் வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தேன். லேபிளை ஒட்டியிருக்கும் வெறும் இடத்தில் ஊசியால் கீறியது மாதிரி சின்னதாக இரண்டு எண்கள். நாலு, ஐந்து. நிமிடத்துக்கு நாற்பத்தைந்து சுற்று. அத்தனை நாளும் நாங்கள் அதைத் தப்பான வேகத்தில் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறோம்.

அப்போதே அவனிடம் தனியாகச் சொல்லியிருக்கலாம். சொல்லாமலே இருந்திருக்கலாம். நான் இரண்டு வாரம் காத்திருந்தேன். எதற்கு? அந்த இரண்டு ஞாயிற்றுக்கிழமையும் சீனர் வெளியூர் போயிருந்தார். நாலு பேரும் கூடும் நாள் வரட்டும் என்று காத்திருந்தேன். இத்தனை வருடம் கழித்தும் இதை எழுதும்போது எனக்குக் கை கூசுகிறது.

அந்த நாள் வந்தது. இன்றைக்கு நான் போடுகிறேன் என்று எழுந்தேன். வெள்ளையின் இரண்டாம் பக்கத்தை வைத்து, வேகத்தை நாற்பத்தைந்துக்குத் தள்ளினேன். அவனுக்கு முதலில் புரியவில்லை. துள்ளிக்கொண்டு ஒரு தாளம் கிளம்பியது. கிட்டார் சிணுங்கியது, சிம்பல் கண்ணாடி மாதிரி சுத்தமாக விழுந்தது. நல்ல வாசிப்பு, சந்தேகமே இல்லை. ஒரு கொண்டாட்டம். சீனர் தொடையில் தாளம் போட ஆரம்பித்தார். பதினாறாவது நிமிடத்தில் வாத்தியங்கள் நின்றன. பிறகு அந்தக் குரல் வந்தது.

சிரிப்பு. வாசித்து முடித்த களைப்பில் ஒருவன் அடக்க முடியாமல் சிரிக்கிறான். இன்னொருவன் அவனைப் பார்த்துச் சிரிக்கிறான். அவ்வளவுதான் அது.

"அலாமாக்!" என்று சீனர் வெடித்துச் சிரித்தார். காலேஜ்காரரும் சிரித்தார். நான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தேன். தட்டைக் கையில் எடுத்து அந்த எண்ணைக் காட்டினேன். "இத்தனை வருஷமா ஏமாந்துட்டோம் பாத்தியா மச்சான்!" என்றேன். அதைச் சொல்லிக்கொண்டே அவன் முகத்தைப் பார்த்தேன்.

"பதினாறு நாளு போட்டேன்" என்றான். என் கையிலிருந்து தட்டை வாங்கி அட்டைக்குள் போட்டான். அன்றைக்கு மாமாக் கடைக்கு அவன் வரவில்லை. அடுத்த ஞாயிறு போனபோது கதவு பூட்டியிருந்தது. அதற்கு அடுத்த ஞாயிறும்.

போய் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். ஆனால் என் புத்தி வேறு மாதிரி வேலை செய்தது. நான் சொன்னது உண்மைதானே, உண்மையைச் சொன்னதற்கு எதற்கு மன்னிப்பு என்று வீறாப்பாக இருந்தேன். பிறகு ஊரடங்கு வந்தது, எல்லாரும் வீட்டுக்குள் முடங்கினோம். அது எனக்கு வசதியாகவே இருந்தது. அதற்குப் பிறகும் போகவில்லை. கம்போங் மேடானில் இருக்கும் என் ஃப்ளாட்டிலிருந்து அவன் வீடு எவ்வளவு பக்கம் என்று கேட்டால் சொல்லவே வாய் வராது.

போன வருடக் கடைசியில் அவன் மகள் போன் செய்தாள். "அங்கிள், அப்பா இப்ப கிள்ளான்ல எங்ககூடதான் இருக்காரு. இனிப்பு நீர் வியாதில ஒரு காலு போச்சு. மாடி ஏற முடியாதுன்னு அந்த வீட்ட விட்டுட்டோம். ரெக்கோர்ட் எல்லாம் யாருக்காச்சும் கொடுத்துடச் சொல்றாரு. நீங்க வந்து பாருங்களேன்."

கொமுட்டர் ரயிலில் கிள்ளான் போனேன். மழை விட்டும் விடாமலும் இருந்தது. மகள் வீடு தாழ்வான ஒரு தாமான் குடியிருப்பில். மழை பிடித்தால் கார் நிறுத்தும் இடம்வரை தண்ணீர் வருமாம், அதனால் இசைத்தட்டுப் பெட்டிகளைச் செங்கல் அடுக்கி அதன்மேல் வைத்திருந்தார்கள். ஆரஞ்சின் அட்டை ஊதிப்போய் ஓரம் பிரிந்திருந்தது. அவன் முன்னறையில் சக்கர நாற்காலியில் இருந்தான். வலது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. லோரியை மிதித்த கால்.

"வா. எடை கொறஞ்சுட்டேன், போட்டுப் பாக்குறியா?" என்றான். என்னால் சிரிக்க முடியவில்லை.

மகள் கோப்பி வைத்துவிட்டு உள்ளே போனாள். ரயிலில் ஒத்திகை பார்த்து வந்த வார்த்தைகள் எல்லாம் மறந்துவிட்டன. "அன்னைக்கு நான் அப்படிச் செஞ்சிருக்கக் கூடாது மச்சான்" என்றேன்.

"நீ சொன்னது கரெக்ட்தானே. நாப்பத்தஞ்சுதான்."

"கரெக்டா இருந்தா? அவங்க முன்னாடி ஒன்ன வெச்சு சிரிச்சேனே."

"அத விடு. ஒன்மேல கோவம் ஒண்ணும் இல்ல" என்றான். நாற்காலியை வாசல் பக்கம் தள்ளி, பெட்டிகளைப் பார்த்தான். "நீங்க எறங்கிப் போன ஒடனே திரும்பப் போட்டேன். முப்பத்து மூணுல. பழைய மாதிரியே வரும்னு நெனச்சேன். வரல. மெதுவா சிரிக்கிறானுங்க, அவ்ளோதான். மறுநாளும் போட்டேன். ஒரு மாசம் போட்டுப் பாத்தேன். அவ அதுக்குள்ளதான் இருந்தா. அதுக்கப்புறம் இல்ல."

கோபித்துக்கொண்டு கதவைப் பூட்டிக்கொண்டான் என்றுதான் இத்தனை வருடம் நினைத்திருந்தேன். அவன் அந்த அழுகையைத் தேடிக்கொண்டிருந்திருக்கிறான்.

எல்லாத் தட்டையும் காலேஜ்காரருக்குக் கொடுக்கச் சொன்னான். வெள்ளையை மட்டும் மகளிடம் எடுத்துவரச் சொல்லி என் மடியில் வைத்தான். "நீ கொண்டு போ. வீட்டுல முப்பத்து மூணுல போட்டுக் கேளு. ஒனக்காச்சும் அது அழுகையா கேட்டா, எனக்கு ஒரு போன் பண்ணு." ஏதோ சின்ன வேலை சொல்வது போலத்தான் சொன்னான். ஆனால் என் கையைப் பிடித்தவன் விடவே இல்லை.

பதினோரு நாள் போட்டேன், தினமும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, அவன் விதிப்படியே, போனைத் தூர வைத்துவிட்டு, ஊசியைத் தூக்காமல். கண்ணை மூடிக் கேட்டேன். அவன் மனைவி படுத்திருந்த கட்டிலை நினைத்துக்கொண்டு கேட்டேன். ஒவ்வொரு நாளும் கடைசியில் இரண்டு பேர் மெதுவாகச் சிரித்தார்கள். புதிதாகக் கேட்கிறவர் காதுக்கு அது அழுகையாக இருக்குமோ என்று என் மனைவியைக் கூப்பிடப் போனேன். கூப்பிடவில்லை. அந்தக் கதையை அன்றைக்கே அவளிடம் சொல்லிச் சிரித்தவன் நான். கிடங்கில் சொன்னேன், தம்பி வீட்டில் சொன்னேன், கண்டவரிடமெல்லாம் சொன்னேன்.

பன்னிரண்டாம் நாள் அவனுக்குப் போன் செய்தேன். மாலை நாலு மணி இருக்கும். அவன் பக்கம் மழைச் சத்தம் கேட்டது.

"கேட்டுச்சு மச்சான்" என்றேன்.

"என்னா கேட்டுச்சு?"

"அழுகைதான். நல்லாவே கேக்குது. பழைய மாதிரியே."

வைத்துவிட்டானோ என்று நினைத்தேன். மழை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

"இருபத்தாறு வருஷம் எடை போட்டே" என்றான் கடைசியில். "எனக்காக ஒரு கிலோ கூட்டிச் சொன்னதில்ல, கொறச்சுச் சொன்னதில்ல."

"நெசமாத்தான் சொல்றேன்லா."

"இந்தப் பொய்ய அன்னைக்குச் சொல்லியிருக்கலாம்" என்றான். குரலில் கோபம் இல்லை, களைப்புத்தான் இருந்தது. போனை வைத்துவிட்டான்.

அன்றைக்கு நான் பொய்கூடச் சொல்லியிருக்க வேண்டாம். வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாலே போதும்.